வெட்டுக்காயப் பூண்டுச் சாறு நரம்பை வளர்க்குமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 61 வயது, பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இப்போது பாதம் மரத்துப்போகிறது, மறதியும் கூடியிருக்கிறது. தக்காளித் தோட்ட வரப்பில் முளைக்கிற வெட்டுக்காயப் பூண்டில் நரம்பை வளர்க்கிற சத்து இருக்கிறதாமே, தினமும் அரைத்துக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பேச்சு வெறும் புரளியும் இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் மூளையில் பி.டி.என்.எஃப் என்ற புரதம் சுரக்கிறது. அது நரம்புச் செல்லின் மேல் இருக்கிற டிராக்-பி என்ற ஏற்பியில் போய் ஒட்டினால், உள்ளே இருக்கிற புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, செல் புதிய கிளை விடுகிறது, பக்கத்துச் செல்லோடு இருக்கிற இணைப்பு பலப்படுகிறது, நினைவு பதிவதும் இப்படித்தான். வெட்டுக்காயப் பூண்டில் இருப்பதாகச் சொல்லப்படும் 7,8-டைஹைட்ராக்ஸிஃபிளேவோன் என்ற ஃபிளேவனாய்டு (செடிகளில் இயற்கையாக இருக்கிற ஒரு வகைப் பொருள்) அதே டிராக்-பியைத் தூண்டுகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது, எலிகளில் நல்ல பலனும் தெரிந்தது. அப்புறம் 2017இல் வேறொரு குழு செல்களில் வைத்து அளந்து பார்த்தபோது அந்த நேரடித் தூண்டுதல் தென்படவில்லை. சுத்தமாகப் பிரித்தெடுத்த பொருளிலேயே இவ்வளவு இழுபறி என்றால், கைப்பிடி இலையை அரைத்தால் எவ்வளவு கிடைக்கும், அதில் குடலையும் கல்லீரலையும் தாண்டி மூளைக்கு எவ்வளவு போகும்? போதாததற்குத் தக்காளிக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அந்த வரப்புச் செடி மேலும்தான் விழுகிறது.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது என்றால், அமெரிக்காவில் வயதானவர்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோக்கோ ஃபிளேவனால் (அதுவும் ஒரு வகை ஃபிளேவனாய்டுதான்) கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சாப்பாட்டில் ஏற்கெனவே ஃபிளேவனால் குறைவாக இருந்தவர்களுக்கு நினைவுத்திறன் சற்று மேம்பட்டது என்று 2023இல் வெளியானது. என் வாசிப்பு இதுதான்: குறையை நிரப்பினால் பலன் உண்டு, அதற்கு மேல் ஊற்றுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஃபிளேவனாய்டு குறையாமல் இருக்க உங்கள் ஊர்ச் சாப்பாடே போதும். கேழ்வரகைத் தோலோடு அரைத்த மாவு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். வெங்காயத்தில் குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு வெளி அடுக்குகளில்தான் அதிகம், அதனால் காய்ந்த தோலை மட்டும் உரியுங்கள். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சாற்றிலேயே சேருங்கள், ஃபிளேவனாய்டில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கும். களியும் சர்க்கரையை ஏற்றும் என்பதால் உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் குழம்பைக் கூட்டுங்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பழம் வீட்டுக்கு வந்தால் இரண்டு துண்டு போதும், கூழாக்கிக் குடிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் அப்பா விஷயம். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், பி12 குறைந்தால் பாதமும் மரக்கும், மறதியும் வரும், இரண்டும் இருப்பதால் எனக்கு முதலில் அதுதான் தோன்றுகிறது. சர்க்கரை கட்டுக்கு மீறினாலும் பாதம் மரக்கும். பி12, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு மூன்றையும் இந்த வாரமே பாருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 குறைவை நாள் கடத்தினால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம், சாறு குடித்துக் காத்திருப்பதில் எனக்குப் பெரிய பயமே அதுதான். முடிவு வரும்வரை அப்பாவைத் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள், ராத்திரி உள்ளங்காலில் முள், கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், மரத்த கால் அவருக்குச் சொல்லாது.