நிறுத்திய மருந்தைக் கணினியிலிருந்து அழித்துவிடலாமா?

கேள்வி: பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஒரு பார்மசியில் உதவியாளராக இருக்கிறேன். வழக்கமாக வரும் பெரியவர்கள் சிலருக்குக் கணினியில் 20 மருந்துக்கு மேல் நிற்கிறது. பாதியை இப்போது அவர்கள் வாங்குவதில்லை. இன்னாக்டிவ், சஸ்பெண்டட், டிஸ்கண்டினியூட் என்று மூன்று நிலை இருந்தாலும் நாங்கள் எல்லாவற்றையும் இன்னாக்டிவ் என்றே போடுகிறோம். பழையதை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி மருந்துச் சீட்டுப் பதிவுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கட்டும், நோயாளிக்கே அந்தப் பழைய வரி தேவைப்படும்.

பெரிண்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சாப்பிட்டு ஓயாத வறட்டு இருமல் வந்த ஓர் அம்மாவுக்கு டாக்டர் அதை நிறுத்தி லொசார்ட்டான் கொடுக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் வெறுமனே இன்னாக்டிவ் என்று போட்டால், சீட்டுக் காலம் முடிந்ததா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று அடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. பிறகு வேறொரு கிளினிக்கில் எனலாப்ரில் எழுதுவார்கள். அதுவும் அதே வகை, திரும்பவும் இருமல்தான். இதைத் தடுக்கத்தான் டிஸ்கண்டினியூட். யார் நிறுத்தினார், எப்போது, ஏன் என்ற மூன்றையும் அதில் எழுத வேண்டும். இருமலோடு நிற்காமல் உதடோ நாக்கோ வீங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஒவ்வாமைப் பகுதியிலும் கட்டாயம் ஏற்றச் சொல்லுங்கள்.

சஸ்பெண்டட் என்பது திரும்பத் தொடங்கப்போகிற மருந்துக்கு. கிளாரித்ரோமைசின் சாப்பிடும் நாட்களில் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைக்க வேண்டும். சேர்ந்தால் தசை சிதையும் அபாயம் உண்டு. ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் தொடர வேண்டும். அந்தத் தேதியைப் போடாமல் விட்டால், பெரியவர் ஆறு மாதம் கொலஸ்ட்ரால் மருந்தே இல்லாமல் இருப்பார், யாரும் கேட்க மாட்டார்கள்.

சீட்டுக் காலம் முடிந்ததற்கும் வெகுநாள் வாங்காததற்கும் இன்னாக்டிவ் சரி. ஆனால் உங்கள் கவுண்டரில் வாங்கவில்லை என்பதால் சாப்பிடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். நம் ஊரில் பலர் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மருந்து எடுத்துக்கொண்டு, தீர்ந்துபோனதை மட்டும் நம்மிடம் வாங்குகிறார்கள். அதனால் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஐயா, இந்த மாத்திரையை இப்ப எங்க எடுக்கிறீங்க?"

டோஸ் மாறும்போதுதான் அதிகம் தவறுகிறோம். அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனால், பழைய வரியை அன்றே நிறுத்திவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். இரண்டும் ஆக்டிவாக இருந்தால் இரண்டுக்கும் லேபிள் போகும், அவர் 15 மில்லிகிராம் விழுங்குவார். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம், பல மென்பொருள்கள் ஆக்டிவ் மருந்துகளை மட்டும் பார்த்தே எச்சரிக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடலில் தங்கும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகத்தை அது கூட்டும், அதனால் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அந்தப் பழைய வரியைக் கண்ணால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நிலையை மாற்றும் முடிவு பார்மசிஸ்டுடையது, சந்தேகமிருந்தால் கிளினிக்குக்கு போன் செய்து கேட்பார். நீங்கள் வார்ஃபரின், இன்சுலின் எடுப்பவர்களின் பட்டியலை முதலில் அவரிடம் கொண்டுபோங்கள், ஒரு நாளைக்கு ஐந்து பேர் வீதம்.