சபையில் பாடவும் வராது, பேசவும் வராது. எனக்கு அழைப்பே இல்லையா?

கேட்டிருக்கும் தங்கச்சி நீளமாக எழுதியிருக்கிறார், பிறகு வந்து படிப்பவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பெறுபேறு பரவாயில்லை, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. சபையிலோ "படித்த பிள்ளை, வேதாகமக் கல்லூரிக்குப் போ, முழுநேர ஊழியத்துக்கு ஆள் இல்லை" என்கிறார்கள். பாட்டுக் குழுவில் சுருதி சேரவில்லை, ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகள் அடங்கவில்லை, சாட்சி சொல்ல எழும்பினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "அப்படியென்றால் கர்த்தர் என்னை எதற்கும் கூப்பிடவில்லையா அக்கா?" என்பது கேள்வி.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டியவர்கள் போகட்டும், அதில் எனக்கு மறுப்பே கிடையாது, ஆனால் பாடவும் பேசவும் ஆசைப்படாத ஒரு பிள்ளையை வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அங்கே அனுப்புவது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, பத்து வருஷம் கழித்து அவர் பிரசங்கத்தைக் கேட்கப்போகிற சபைக்கும் நல்லதில்லை.

நீங்கள் தாதியர் வேலை என்று எழுதியவுடன் எனக்கு யாத்திராகமம் முதலாம் அதிகாரம்தான் ஞாபகம் வந்தது. சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். பிறக்கும் ஆண் பிள்ளைகளைக் கொன்றுவிடு என்று ராஜா கட்டளை போடுகிறான், இவர்கள் தேவனுக்குப் பயந்து பிள்ளைகளை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். இவர்கள் எங்கேயும் பிரசங்கம் செய்ததாக எழுதவில்லை, பிரசவம் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ராஜாவை வெறும் பார்வோன் என்று சொல்லி விட்டுவிடுகிற அதிகாரம் இந்த இரண்டு பெண்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அதே புத்தகத்தில் 31ஆம் அதிகாரத்துக்குப் போனால், "தேவ ஆவியினால் நிரப்பினேன்" என்று கர்த்தர் தம் வாயாலேயே சொல்கிற முதல் ஆள் பெசலெயேல், பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்கிற கைவினைக்காரன். பவுல் கூடாரம் செய்தார், லீதியாள் இரத்தாம்பரம் விற்றார், தொற்காள் விதவைகளுக்கு உடுப்புத் தைத்தார். இதெல்லாம் உங்கள் பாஸ்டருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் நடப்பது மட்டும்தான் அழைப்பு என்கிற மாதிரி நாம் நடந்துகொள்கிறோமே, அது ஏன்?

என் கணிப்பு ஒன்று இருக்கிறது, சரித்திரம் படித்தவர்கள் திருத்தலாம். 1854இல் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் என்று தொடங்கினார்கள், கிறிஸ்தவத் துரைமார் சிலர் காசு கொடுத்தார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தே போய் லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பேசினார்கள், பெரிய பாடுதான் பட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் சனத்தின் மனதில் நாள் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்திலிருந்து மாலை நிறுவை வரைக்கும் துரைக்குச் சொந்தம், உபதேசியார் வந்து பேசுகிற அந்த ஒரு மணித்தியாலம் கர்த்தருக்குச் சொந்தம். கோப்பி அழிந்து தேயிலை வந்து, வெள்ளைக்காரத் துரை போய் கம்பனி வந்து எவ்வளவோ ஆகிவிட்டது, அந்தப் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். சபையில் என் பங்கு கதிரை அடுக்குவதும் தேத்தண்ணி ஊற்றுவதும்தான், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, எனக்கும் வராது. ஆனால் அலுவலகத்தில் என் மேசைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த ஒரு அம்மா, சேமலாப நிதிக் காசு எடுக்க வேண்டும், பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம், அவருக்கு 50 தாண்டி எத்தனையோ வருஷம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இலெட்சுமி, தோட்டத்துச் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் லச்சுமி, அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி அதிலிருந்து திரும்பத் தமிழுக்கு வந்த லக்ஷ்மி, தகப்பன் பெயர் ஒன்றில் முத்து, மற்றதில் முத்தையா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வரை காசு வராது. சத்தியக் கடதாசி முடிக்கச் சமாதான நீதவானிடம் போக வேண்டும், தோட்டத்து ஆபிசில் கடிதம் வாங்க வேண்டும், அங்கே போனால் கிளார்க் ஐயா இல்லை நாளைக்கு வா என்பார்கள். ஒவ்வொரு தடவை நாளைக்கு வா என்கிறபோதும் அந்த அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு, அல்லது அரைப்பேர். பஸ் காசு தனி. 1987இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாயிற்று, ஆனாலும் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவம் இன்றைக்கும் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் செய்வது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உட்காரச் சொல்வேன். மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தப் பெயர் எங்கே பிழைத்திருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டு, எங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுப்பேன், தோட்டத்து ஆபிசுக்குப் போன் எடுத்துக் கிளார்க் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் ஆளை அனுப்புவேன். இது என் சம்பளத்துக்குள் அடங்கிய வேலைதான். ஆனால் செய்யாமல் விட்டாலும் யாரும் என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை, அந்த இடைவெளியில்தான் கர்த்தருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவள் என்று நம்புகிறேன். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கதிரை அடுக்குவது மட்டும்தான் என் ஊழியம் என்றால் மிச்ச நேரத்தை என்ன செய்வது?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மலையகத்தில் இந்தப் போதனை ஆபத்தாகவும் திரும்பும். கொலோசெயர் 3:23ஐ, எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்கிற வசனத்தை, கொழுந்து எடுக்கிற சனத்திடம் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறேன். நல்ல வசனம்தான். மூன்றே மூன்று வசனம் தள்ளி 4:1இல் எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று இருப்பதை யாரும் வாசித்துக் கேட்கவில்லை. யாக்கோபு 5:4இல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருப்பதும் அப்படியே. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது, 2024இல்தான் 1,350. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதற்குள் ஈரக் கழிவு, கூடைக் கழிவு என்று வெட்டு வேறு. உன் வேலைதான் உன் அழைப்பு, முறுமுறுக்காமல் செய் என்று அந்த அம்மாவிடம் சொல்வது போதனையே இல்லை, துரைக்குச் செய்கிற உபகாரம். நிறுவையில் சரியாகக் கணக்கு எழுதுகிற கணக்குப்பிள்ளைக்கும் அழைப்பு உண்டு, சம்பளப் பேச்சில் நியாயமாக நிற்கிற தொழிற்சங்கத் தலைவருக்கும் உண்டு. இங்கிலாந்தில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த வில்பர்ஃபோர்ஸ், மனந்திரும்பிய கையோடு பாராளுமன்றத்தை விட்டுவிடலாமா என்று 1785இல் ஜோன் நியூட்டன் போதகரிடம் போய்க் கேட்டபோது, அவர் விட வேண்டாம், அங்கேயே இரும் என்றார். 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. எல்லாச் சபைக்கும் அப்படி ஒரு போதகர் கிடைத்தால் நல்லது.

நம் ஊருக்குக் கிட்டவே உதாரணம் வேண்டுமென்றால் கண்டியில் சத்தியோதயம் என்கிற சமூக ஆய்வு நிலையத்தை 1972இல் தொடங்கிய பாதர் போல் கஸ்பர்ஸ். அவர் இயேசு சபைக் குருவானவர்தானே என்பீர்கள், உண்மைதான். ஆனால் அவர் பூசையோடு நிற்கவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, தோட்டத்துச் சனத்தின் சம்பளம், குடியுரிமை என்று ஆராய்ந்து எழுதிப் பேசிக்கொண்டே இருந்தார். குருவானவரே அப்படி வெளியே வரும்போது, உத்தியோகம் பார்க்கிற நாம் உள்ளே போய் ஒளிவானேன்?

அப்புறம் சம்பளம் வராத அழைப்பும் இருக்கிறது. எங்கள் சபையில் ஒரு அண்ணன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் மழைமானி பொருத்தியிருக்கிறார்கள், அளவுக்கோடு போட்ட சின்னப் பிளாஸ்டிக் குழாய், அதைப் பார்த்து எழுதுவது இவர் பொறுப்பு. மழை நாளில் டோர்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அளவைப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டுவார். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் மூட்டையைக் கட்டித் தயாராக இரு, 150 தாண்டினால் வெளியேறு, இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற அளவு. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை, அது ஆபத்தான இடம் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள், சனம்தான் அங்கேயே இருந்தது, போக வேறு இடம் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த இரவு இந்த அண்ணன் ஒவ்வொரு காம்பராக் கதவாகத் தட்டினார். வராதவர்களை ஏசினார், நல்ல வார்த்தையில் இல்லை. அவர் ஊழியக்காரரா என்று சபைக் கமிட்டியில் கேட்டால் இல்லை என்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வார்டுக்குப் போனதும் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். "வேலைத்தலத்தில் கைப்பிரதி கொடு, நோயாளியிடம் சுவிசேஷம் சொல், அப்போதுதான் அது ஊழியம்" என்பார்கள். எனக்கும் என் மேசையில் கைப்பிரதி வைக்கச் சொல்லி வந்தார்கள், நான் வைக்கவில்லை. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் இந்துக்கள், என் முன்னால் உட்காருகிற அம்மா நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் வருகிறார், அவருடைய கடதாசி என் கையில் இருக்கும்போது நான் என் சமயத்தை நீட்டினால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கட்டிலில் படுத்திருப்பவரும் அப்படித்தான். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஊசியை வலிக்காமல் போடுங்கள். வேலையை வைத்து ஆள் பிடித்தால் வேலையும் கெடும், நம் பெயரும் கெடும்.

உங்களுக்குத் தாதியர் வேலைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். சொப்பனமும் தரிசனமும் வரும் என்று காத்திருக்க வேண்டாம், வந்தால் சந்தோஷம். இப்போதே உங்களிடம் எதைக் கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், லயத்தில் யாருக்குக் காயம் என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், பாட்டிக்குச் சீனி வருத்தப் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டுவது நீங்கள், அந்த நாற்றம் உங்களுக்கு அருவருப்பாக இல்லை. எனக்கு ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்க முடியாது, சத்தியமாக. இரண்டாவது, எதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது? ஆஸ்பத்திரியில் வலியைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் தோட்டத்துத் தாய் ஒருவர் முழித்துக்கொண்டு நின்றதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பாட்டுக் குழுவைப் பற்றி ஒரே வரி. உங்கள் மனது எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் ஆசையும் கோபமும் மட்டும் போதாது, அதற்கான தகுதி வேண்டும், படிப்பு வேண்டும், உங்களை நன்றாகத் தெரிந்த, முகத்துக்கு நேரே உண்மை சொல்கிற இரண்டு பேரிடம் கேட்கவும் வேண்டும். சிங்களத்தை இப்போதிருந்தே ஒழுங்காகப் பழகுங்கள், பேச மட்டுமில்லை, எழுதவும். தமிழ் நோயாளி சொல்வதை டொக்டரிடம் சிங்களத்தில் சரியாகச் சொல்லிவிட்டாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

பாஸ்டர் மேல் கோபப்படாதீர்கள். பத்துப் பதினைந்து குடும்பம் உள்ள தோட்டத்துச் சபையில் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டால் மிஞ்சுவது யார் என்கிற பயம் அவருக்கு இருக்கும், அது நியாயமான பயம். நேரில் போய், அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். வேதாகமக் கல்லூரிக்குப் போகிறவர்களை முன்னால் நிறுத்திக் கை வைத்து ஜெபித்து அனுப்புகிறீர்களே ஐயா, நான் பயிற்சிக்குப் போகிற அன்றைக்கு எனக்கும் அப்படிச் செய்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். செய்தால் சபையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் கண் திறக்கும். செய்யாவிட்டாலும் போங்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தால் ஆராதனைக்கு வர முடியாதே என்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். விழத்தான் செய்யும், அடிக்கடி. ஓய்வுநாளில் சுகமாக்கினதற்காக இயேசுவே ஏச்சு வாங்கியிருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பயிற்சி எந்த ஊரில் கிடைக்கிறதோ, அங்கே கிழமை நாளில் கூடுகிற ஒரு ஜெபக் கூட்டத்தை முதல் மாதத்திலேயே தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து அங்கே தூங்கி விழுந்தாலும் பரவாயில்லை.