பீடித் தூள் உடம்பில் ஏறுமா?

கேள்வி: என் அம்மா சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் அடிக்கடி தலைசுற்றல், விடாத இருமல். தூளைத் தொடுவதாலேயே உடம்பில் ஏறுமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: ஏறும் தாயி. புகையிலை கத்தரி, மிளகாய், தக்காளிக் குடும்பத்துச் செடி. பூச்சி தின்றுவிடாமல் இருக்க வேரில் நிக்கோடினை உண்டாக்கி இலைக்கு ஏற்றிவைக்கிறது. விவசாயி மொட்டைக் கிள்ளிவிடுவதும் இலை தடித்துக் காரம் கூடட்டும் என்றுதான். அசுவினிக்குப் புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கிறார்களே, அதே விஷம்தான் தோல் வழியாகவும் தூசியாக மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. பீடி சுற்றுபவர்களின் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகளில், புகைக்காதவர்களிடமும் நிக்கோடினின் அடையாளம் தெரிந்திருக்கிறது.

நான் கடையத்தில் பீடிச் சுளகுகளுக்கு நடுவே வளர்ந்தவள். ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிவைப்பார்கள். விடிந்ததும் தகட்டை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைத் தூளை நீளவாக்கில் போட்டு உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவார்கள். கணக்கு முடிக்கிற அவசரத்தில் அதே கையோடு ஒரு வாய் சோறு. அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே அடுத்த பீடி. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுற்றட்டும். படுக்கிற அறையில் தூள் வேண்டவே வேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ‘தூசிதான்’ என்று விடாமல் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசு கிடையாது. அப்புறம், வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. அடையாள அட்டையும் பி.எஃப். கணக்கும் அம்மாவுக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் புகையிலைத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. இவ்வளவு தூளும் இலையும் எங்கிருந்து வருகின்றன?
– ஒரு வாசகர், ஆலங்குளம்

பதில்: பீடிப் புகையிலைக்குப் பேர்போனவை குஜராத்தின் சரோத்தர் பகுதியும் கர்நாடகத்தின் நிப்பாணியும். சுற்றும் இலை புகையிலையே இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் பறிக்கிற தெண்டு இலை அது, கருங்காலிக்குச் சொந்தக்கார மரம். அதில் நிக்கோடின் கிடையாது. மாசமாக இருக்கிற பெண் வேலையை விடவே முடியாத வீடு என்றால், அவளைத் தூளுக்குத் தள்ளி உட்காரவைத்து இலை வெட்ட மட்டும் விடுங்கள்.