வீட்டில் தனியே இருக்க முடியாத நாய்: எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் சென்னை பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எங்கள் நாய்க்கு 3 வயது ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்த நாங்கள் இருவரும் இப்போது அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியதாகிவிட்டது. நாங்கள் கிளம்பியதும் அது ஊளையிடுவதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். வாசற்கதவின் கீழ்ப்பகுதியையும் பிறாண்டி வைத்திருக்கிறது. குரைத்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை, அமைதிப்படுத்தும் மாத்திரை, இரும்புக் கூண்டு, கேமரா ஆகிய எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?

பதில்: கேமராவைத் தவிர வேறு எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். கேமராவையும்கூட வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியை வாசற்கதவு தெரியும்படி சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பில் உங்கள் கைபேசியோடு இணைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். முதல் அரைமணி நேரமே பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். சிறிது நேரம் தூங்கி, எழுந்து செருப்பைக் கடித்து, மீண்டும் தூங்கும் நாய்க்குப் பொழுது போகவில்லை என்று பொருள். கதவு சாத்தப்பட்ட உடனே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக இங்குமங்கும் நடந்து, கதவையே பிறாண்டும் நாய் பயத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு.

எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தபோது கண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. லிஃப்ட் இறங்கும் ஓசை அடங்கும்வரை காதை நிமிர்த்தி நின்ற நாய், பிறகு கதவின் அடியிடுக்கில் மூக்கை அழுத்திப் படுத்துக்கொண்டது. நான் திரும்பி வந்தபோது, மூக்கு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் தேங்கியிருந்தது. கிளம்பும்போது ஆசையாக வைத்துவிட்டுப் போன கோழித்துண்டு வைத்தபடியே கிடந்தது. உள்ளே தின்பண்டம் அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொம்மை, பொழுது போகாத நாய்க்கு நல்ல துணை. பயந்த நாயோ பெரும்பாலும் அதைத் தொடாது.

மின்னதிர்ச்சிப் பட்டையை எந்த நிலையிலும் வாங்காதீர்கள். பயந்து குரைக்கும் நாய்க்கு அது பயத்தோடு வலியையும் சேர்த்துக் கொடுக்கிறது. சத்தம் நின்றாலும் பயம் நிற்பதில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010ஆம் ஆண்டிலேயே இத்தகைய பட்டைகளைத் தடை செய்துவிட்டார்கள். கூண்டும் ஆபத்தானதே. தானாகவே உள்ளே போய்ப் படுத்துப் பழகிய நாய்க்கு அது படுக்கையறை; அப்படிப் பழகாமல் பயந்திருக்கும் நாய், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளக்கூடும்.

கடையில் கிடைக்கும் அமைதி மாத்திரைகளில் பெரும்பாலானவை துணை உணவுகளே. அவை மருந்து அல்ல. இந்தப் பயத்துக்கென்று உண்மையான மருந்துகள் இருக்கின்றன. ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் ஆகிய இரண்டையும் இதே காரணத்துக்காக நாய்களுக்குக் கொடுக்க அமெரிக்காவில் ஒப்புதல் உண்டு. ஆனால் அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும், அளவைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது போன்ற வேலை கூடவே கூடாது. வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும் இருந்தால் முதலில் சிறுநீர்ப்பாதைத் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, அங்கே காட்டலாம்.

பயிற்சிக்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. சாவியை எடுத்ததும் நாய் எழுந்து நிற்கிறதென்றால், ஒரு நாளில் பலமுறை சாவியை எடுங்கள், எங்கும் போகாமல் மீண்டும் உட்காருங்கள். சாவிச் சத்தம் கேட்டும் அது தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் நாள் வரும். அடுத்து, கதவுக்கு வெளியே சென்று சில நொடிகளில் திரும்புங்கள். அது கலங்குவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். நொடிகள் நிமிடங்களாவதற்கு வாரக்கணக்கு ஆகலாம், சில நாய்களுக்கு மாதக்கணக்கும் ஆகலாம்.

அந்த வாரங்களில் அதை நாள் முழுக்கத் தனியே விட்டால் செய்த பயிற்சியெல்லாம் வீணாகும். ஆகவே அந்த 12,000 ரூபாயை இங்கேதான் செலவழிக்கச் சொல்கிறேன்: பகலில் வந்து கூடவே இருக்கும் ஒருவருக்கோ, நாய்களுக்கான பகல்நேரக் காப்பகத்துக்கோ கொடுங்கள். காப்பகத்தை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்காமலேயே நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் உங்கள் நாயை விடாதீர்கள். இருவரும் வெவ்வேறு நாள்களில் அலுவலகம் செல்ல முடிந்தால் அந்த நாள்களில் இந்தச் செலவே இருக்காது.

கேள்வி: இதே பிரச்சினைக்காக மதுரையில் ஒரு பயிற்சியாளரிடம் 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். "பத்து வகுப்பில் சரியாகிவிடும், உத்தரவாதம்" என்று சொன்னவர் இரண்டு முறை வந்தார், நாயைச் சங்கிலியால் அடித்தார், பிறகு வரவில்லை. ரசீதும் தரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பயிற்சி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி ஒரு சேவை. பாதியில் நிறுத்தியது சேவைக் குறைபாடு. ரசீது தர மறுப்பது அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவோ, உத்தரவாதம் தந்த வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அதுவும் சான்றாகும். முதலில் பதிவுத் தபாலில், பணத்தைத் திருப்பித் தர ஒரு தேதி குறித்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயம் இல்லை. நாயை அடித்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் தனிக் குற்றம். காயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி: துணைக்கு இன்னொரு நாய்க்குட்டி வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். இத்தகைய நாய் பெரும்பாலும் தேடுவது மனிதரை. இன்னொரு நாய் பக்கத்தில் படுத்திருந்தாலும் அது கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால், உங்கள் நாயோடு ஏற்கெனவே பழகிய நண்பரின் நாயை ஒரு நாள் உடன் விட்டு, நீங்கள் வெளியே கிளம்பி, கைபேசியில் பாருங்கள்.