மகள் பெயருக்கு வீட்டை இப்போதே மாற்றலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் 1998இல் 3.2 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். கடன் முடிந்துவிட்டது; இன்று 16 லட்சம் போகும். டெக்சாஸில் இருக்கும் ஒரே மகள் பெயருக்குக் குவிட்க்ளெய்ம் பத்திரம் (எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி, கவுண்டி அலுவலகத்தில் பதிந்துவிடலாமா?

பதில்: பதியலாம். நோட்டரி முன் கையெழுத்து, கூடவே உரிமை மாற்ற அறிக்கைப் படிவம், கொஞ்சம் கட்டணம். பத்திரங்களைப் பதியும் அதிகாரியான அலமீடா கவுண்டி ரெக்கார்டர் வாங்கிப் பதிந்துகொள்வார். அது உங்களுக்கு நல்லதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. ஊரில் பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கும் பழக்கத்தில் நம்மவர்கள் சிலர் இங்கேயும் இதைச் செய்துவிடுகிறார்கள். உங்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

முதல் காரணம் விற்பனை லாப வரி. இப்போது தானமாகக் கொடுத்தால் நீங்கள் வாங்கிய விலையே மகளுக்கும் அடக்க விலை, அதாவது லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் விலை, ஆகிவிடும். பிறகு அவர் 16 லட்சத்துக்கு விற்றால், மராமத்துச் செலவு போக, கிட்டத்தட்ட 12.8 லட்சம் லாபம். சொந்தக் குடியிருப்பை விற்கும் தம்பதிக்கு உள்ள 5 லட்சம் விலக்கும் கையைவிட்டுப் போகும். அதே வீடு உங்கள் இருவர் காலத்துக்குப் பின் அவருக்குப் போனால், அன்றைய சந்தை மதிப்பே அடக்க விலை. உடனே விற்றால் வரி அநேகமாக இருக்காது.

அடுத்தது சொத்து வரி. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபசிஷன் 13 என்ற மாநிலச் சட்டத்தின்படி வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. உங்கள் வீட்டுக்கு அது இன்னும் ஐந்தரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். 2021 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் உள்ள புரொபசிஷன் 19இன்படி, பிள்ளை அந்த வீட்டிலேயே குடியேறினால்தான் பழைய மதிப்பு, அதுவும் ஒரு வரம்புக்குள், தொடரும். மகள் இருப்பதோ டெக்சாஸில். மாற்றிய தேதிக்கே மறுமதிப்பீடு வரும். வரி மூன்று மடங்கை நெருங்கும். உங்களுக்குப் பின் எப்படியும் வரப்போவதுதான், சரி. அதை இப்போதே ஏன் வரவழைக்க வேண்டும்?

கிஃப்ட் டாக்ஸ் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். தானத்தைத் தெரிவிக்கும் படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்குக் கையிலிருந்து பணம் போகாது.

எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டால், உங்களுக்குப் பின் சொத்தை வாரிசுக்கு மாற்ற புரொபேட் கோர்ட். 16 லட்சம் சொத்துக்குச் சட்டப்படி வக்கீல் கட்டணம் மட்டுமே 29,000 டாலர். அதனால் திரும்பப் பெறக்கூடிய லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்கள் கையில், பின்பு கோர்ட் இல்லாமல் மகளுக்கு என்ற ஏற்பாடு) ஒன்று எழுதி, வீட்டை அதன் பெயருக்கு மாற்றுங்கள். இந்த மாற்றத்துக்கு மறுமதிப்பீடு கிடையாது. டிரஸ்ட் ஆவணத்தை எழுதிவிட்டு வீட்டுப் பத்திரத்தைப் பதிய மறந்துவிடுபவர்கள் நிறைய. அந்த டிரஸ்ட் வீட்டைப் பொறுத்தவரை வெறும் காகிதம்.

பதிவானதும் 'உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று அரசுக் கடிதம் போலவே தபால் வரலாம். தனியார் வியாபாரம், குப்பையில் போடுங்கள். நகல் வேண்டுமானால் ரெக்கார்டரிடமே குறைந்த செலவில் வாங்கலாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும் முன் 1998 பத்திரத்தின் நகலை எடுத்து, பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ரெக்கார்டரின் அட்டவணை பெயர் வரிசையில்தான் இருக்கிறது. நம் இனிஷியலும் அப்பா பெயரும் ஒரு ஆவணத்தில் முன்னே, இன்னொன்றில் பின்னே என்று நிற்கும். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால், புதிய பத்திரத்தில் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.