300 எம்பிபிஎஸ் பிளான்ல 94 தான் வருதா? இந்த வாரக் கேள்வி-பதில்

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டு மூணு மாசம் ஆச்சு சார். டெஸ்ட் பண்ணா 93, 94, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கஸ்டமர் கேர்ல கேட்டா எங்க லைன் சரியாத்தான் இருக்குங்கிறாங்க. நல்ல ரவுட்டரா வேணும்னு கேட்டு புதுசா வாங்கினேன், பெட்டில 1200ன்னு பெருசா போட்டிருக்கு.
(திருச்சி வாசகர்)

பதில்: 93, 94ல வந்து நிக்குதுன்னா நடுவுல எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் சொருகுற இடம்), இல்லைன்னா 100க்கு இறங்கிப்போன கேபிள் இருக்குன்னு அர்த்தம். 100லயும் டேட்டாவோட கூடவே போற முகவரி அது இதுன்னு கொஞ்சம் கழிஞ்சு மிச்சம் 94, 95 தான் டெஸ்ட்ல தெரியும். லைன்ல கோளாறுன்னா வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே நம்பர்ல ஒட்டிக்கிட்டு நிக்காது. உங்க ரவுட்டர் பெட்டியைத் திருப்பி பக்கவாட்டுல பொடி எழுத்துல பாருங்க, 10/100ன்னு மட்டும் போட்டிருந்தா அதுதான் காரணம்.

இந்த 1200 சமாச்சாரத்தைப் பத்தி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்கல. வைஃபைக்கு ரெண்டு அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி மேல கொஞ்சம் சேர்த்து 1200ன்னு போடுறாங்க. உங்க போன் ஒரு நேரத்துல பொதுவா ஏதாவது ஒண்ணுல தான் கனெக்ட் ஆகும், அப்ப கூட்டல் எதுக்கு? அந்த 867ம் காத்துல இருக்கிற கணக்கு தான், பக்கத்துலயே உக்காந்து டெஸ்ட் பண்ணாலும் கைக்கு வர்றது ஏறக்குறைய பாதி, சுவர் வந்தா அதுவும் இல்ல. இதெல்லாம் போகட்டும், வைஃபை எவ்வளவு வேகமா இருந்தாலும் பின்னாடி நெட் உள்ள வர்ற போர்ட் 100ன்னா வீட்டுக்குள்ள 100க்கு மேல ஒரு சொட்டு வராது. நிஜமான வேகத்தை முடிவு பண்ற நம்பரை பொடி எழுத்துல ஓரமா போட்டுட்டு, யாருக்குமே கிடைக்காத நம்பரை பெட்டி முழுக்க போடுறது வாங்குறவங்களை ஏமாத்துறது, வேற பேரே கிடையாது. நீங்க கேட்டுத்தான் வாங்கியிருக்கீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: ஃபைபர் வந்து சேர்ற கம்பெனி பெட்டில இருந்து நேரா லேப்டாப்புக்கு லேன் கேபிள் போட்டு டெஸ்ட் பண்ணுங்க (லேப்டாப் போர்ட் கிகாபிட்டான்னும், அதாவது 1000 எம்பிபிஎஸ் போகுமான்னும் பாத்துக்கோங்க). 280, 290 வந்தா லைன் சுத்தம். கடைக்காரர்கிட்ட பில்லோட போய் மாத்தித் தரச் சொல்லுங்க, வேன் போர்ட் (WAN, நெட் உள்ள வர்றது), லேன் போர்ட் (LAN, வீட்டு சாதனங்களுக்குப் போறது) ரெண்டுக்கும் 10/100/1000ன்னு எழுதியிருக்கிற மாடலா கேளுங்க.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன், ஆனா ஃபைல் டவுன்லோட் பண்ணும்போது 12க்கு மேல காட்டல. ஏமாத்துறாங்களா?
(சேலம்)

பதில்: இல்ல. கம்பெனி சொல்றது பிட், டவுன்லோட்ல காட்டுறது பைட். 100ஐ 8ஆல வகுத்தா 12.5, உங்களுக்கு முழுசா வருது.

கேள்வி: கீழ் வீட்டுல 290 வருது, மாடிக்கு சுவத்துக்குள்ள கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வெச்சோம், அங்க 95 தான். ரெண்டு ரவுட்டரும் கிகாபிட் தான், நல்லா பாத்துட்டேன்.
(கோவை வாசகி)

பதில்: அப்ப கேபிள் தான்மா. லேன் கேபிளுக்குள்ள எட்டு வயர், நாலு ஜோடி. 100க்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேணும். அந்த மிச்ச ரெண்டு ஜோடில ஒரு வயர் ஜாக்ல சரியா உக்காரலைன்னா போதும், பெரும்பாலும் லிங்க் தானா 100க்கு இறங்கிடும், எந்த எச்சரிக்கையும் வராது. முதல்ல ரெண்டு முனையையும் வெட்டிட்டு புதுசா கிரிம்ப் பண்ண, அதாவது புது ஜாக் அழுத்தி மாட்டச் சொல்லுங்க, கேபிள் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுதான்னு நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க.

அதுக்கும் சரியாகலைன்னா வயரையே சந்தேகப்படணும். நான் வீட்டுக்கு வாங்கின ஒரு ரோல் கேட் 6ன்னு (கிகாபிட் தாங்குற கேபிள் ரகம்) அச்சடிச்சு பாதி விலைக்கு வந்தது. ஒரு வயரை பிளேடால சுரண்டிப் பாத்தா மேல செம்பு நிறம் போய் உள்ள வெள்ளையா அலுமினியம், ரெண்டு தடவை மடக்கினா பொட்டுனு உடையுது. அத்தனையும் உருவிட்டு சுத்தச் செம்பு கேபிள் போட்டேன், அந்தப் பணம் போனது போனது தான். வாங்கும்போது கடையிலயே ஒரு துண்டு சுரண்டிக் காட்டச் சொல்லுங்க, யோசிச்சார்னா வெளிய வந்துடுங்க. கரண்ட் வயர் போற அதே பைப்புலயும் இதை இழுக்கக் கூடாது.

கேள்வி: பெட்ரூம்ல சிக்னல் வரலைன்னு ரிப்பீட்டர் ரெண்டு வாங்கி மாட்டினேன், இன்னும் மோசமாயிடுச்சு. மூணாவது வாங்கலாமா? ரவுட்டர் ஹால்ல டிவிக்குப் பின்னாடி ஷோகேஸ் உள்ள இருக்கு, வெளிய வெச்சா பாக்க நல்லா இல்லை.
(சென்னை, அபார்ட்மெண்ட்)

பதில்: வாங்காதீங்க. கடிதத்துலயே காரணத்தை எழுதிட்டு என்கிட்ட கேக்குறீங்க. ரவுட்டரை வெளிய எடுத்து வீட்டுக்கு நடுவுல, ஆள் உயரத்துல வைங்க, டிவிக்குப் பின்னாடியும் பீரோ பக்கத்துலயும் வைக்காதீங்க, அது ஒண்ணுலயே பாதிப் பிரச்சினை போயிடும், காசு செலவில்ல. சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல கேட்டு, கேட்டதையே திரும்பச் சொல்லுது, அதனால வேகம் பாதியாகுது, அதுக்கு மேல இன்னொண்ணு போட்டா அதுலயும் பாதி. பக்கத்து வீடுங்க எல்லாம் 2.4ல தான் நெருக்கியடிக்கும், அதனால பக்கத்துல இருக்கிற சாதனங்களை 5க்கு மாத்துங்க, 2.4ல சேனல் 1, 6, 11 மூணுல எது காலியோ அதை வைங்க. அப்பவும் பெட்ரூமுக்கு எட்டலைன்னா ஒரு கேபிள் இழுத்து அங்க ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா தர்ற பெட்டி) வைங்க. எதையும் டெஸ்ட் பண்ணாம ரெண்டு பொருள் வாங்கியிருக்கீங்க, மூணாவதுக்கு முன்னாடியாவது நிறுத்திக்கோங்க.

கேள்வி: ஸ்மார்ட் டிவில லேன் கேபிள் போட்டா 90, வைஃபைல 200. டிவி ரிப்பேரா?

பதில்: இல்ல. நிறைய டிவில லேன் போர்ட் 100 தான். 4கே படத்துக்கு 25 இருந்தாலே போதும்.

கேள்வி: மத்தியானம் 200 வருது, ராத்திரி 8 மணிக்கு மேல 10க்கு விழுந்துடுது, கேபிள்ல நேரா போட்டாலும் அதே தான், தினமும் இப்படித்தான். லோக்கல் ஆபரேட்டர்கிட்ட ஒரு வருஷ காசு முன்னாடியே கட்டிட்டோம், கேட்டா உங்க வீட்டு வைஃபை பிரச்சினைங்கிறார்.
(தஞ்சாவூர் பக்கம்)

பதில்: கேபிள்லயே விழுதுன்னா உங்க வைஃபை மேல பழி போட வழியே இல்ல. அவர் வாங்கி வெச்சிருக்கிற கொள்ளளவுக்கு மேல வீடுகளைச் சேர்த்துட்டார், எல்லாரும் ஒரே நேரத்துல படம் பாக்கும்போது தாங்கல, பெரும்பாலும் இது தான் நடக்குது. மாசக் கடைசில மட்டும் விழுந்தா பிளானோட டேட்டா வரம்பான்னு பாக்கலாம், தினமும் ராத்திரின்னா அது இல்ல. காசைக் கட்டிட்டு இப்படி மாட்டிக்கிட்டவங்க கடிதம் தான் எனக்கு அதிகம் வருது, படிக்கவே வயிறெரியுது.

ஒரு வாரம் மத்தியானமும் ராத்திரியும் கேபிள்ல டெஸ்ட் பண்ணி தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆபரேட்டர் வாய்ப்பேச்சு வேண்டாம், அவருக்கு மேல இருக்கிற நெட் கம்பெனியோட புகார் மையத்துல பதிஞ்சு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்க. தீர்வு வரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம், அதுக்கு காசு கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லயும் சொல்லலாம். டெலிகாம் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2022லயே சொல்லிடுச்சு. நீங்க கட்டின காசு 5 லட்சம் வரைக்கும்னா வழக்குக் கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல, உங்க மாவட்டத்துலயே போடலாம். காசு கட்டின ரசீதை மட்டும் இன்னைக்கே தேடி எடுத்து வைங்க, ரசீது தரலைன்னா பணம் அனுப்பின பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுங்க.