ஆர்டர் போச்சா, போகலையா? ஓப்பன் சோர்ஸ் ஆல்கோ தளம்: கேள்வி பதில்

கேள்வி (தரமணி): அண்ணா, பங்குச் சந்தையில தானா ஆர்டர் போடுற ஆல்கோ தளம் எழுதுறோம். எந்த ஸ்ட்ராட்டஜியை (எப்போ வாங்கணும், விக்கணும்ங்கிற விதி) முதல்ல எழுதலாம்?

ஸ்ட்ராட்டஜி கடைசியில் வரட்டும் தம்பி. முதலில் ஆர்டரைக் கண்காணிக்கும் பகுதி. புரோக்கர் ஏபிஐக்கு (புரோகிராம்கள் ஆர்டர் போடும் வழி) ஆர்டர் அனுப்புகிறீர்கள், பதில் வருமுன் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது. போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால் ஒரு லாட் (ஒரு முறை வாங்கும் தொகுதி) இரண்டாகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டேக் (அடையாளக் குறி) கொடுத்து, அனுப்புமுன்பே டேட்டாபேஸில் பதியுங்கள். பதில் வராவிட்டால் புரோக்கரிடம் உள்ள உங்கள் ஆர்டர் பட்டியலில் (ஆர்டர் புக்) அந்த டேக்கைத் தேடிய பிறகே அடுத்த வேலை. ரீஸ்டார்ட் ஆனாலும் இப்படித்தான். புரோக்கரிடம் உள்ள பொசிஷன்தான் (கையில் இருக்கும் வாங்கல், விற்றல்) உண்மை, நம் டேட்டாபேஸ் கணக்கு அதற்குப் பிறகு.

கேள்வி (குரோம்பேட்டை): சார், வீட்டு கம்ப்யூட்டர்லயே ஓட்டலாமா?

பேப்பர் டிரேடிங்குக்கு (பணம் போடாத ஒத்திகை) மட்டும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் என் வீட்டில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. வெள்ளிக்கிழமை விற்று வைத்த நிஃப்டி ஃபியூச்சர் (நிஃப்டி இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம்) அப்படியே கிடந்தது. மாநிலத் தேர்தல் முடிவுகளால் அன்று நிஃப்டி சுமார் 2 சதவீதம் ஏறியது. எக்ஸ்சேஞ்சில் போடும் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் எல்லை தாண்டினால் தானாக வெளியேற்றும் ஆர்டர்) போட்ட நாளோடு காலாவதி. தினமும் காலையில் அதைப் போடுவது என் புரோகிராமின் வேலை. புரோகிராமோ இருட்டில் கிடந்தது. அன்றிலிருந்து மும்பையில் ஒரு கிளவுட் சர்வர். எல்லா பொசிஷனையும் மூட போனில் ஒரு பட்டன். உங்கள் தளத்தில் அந்தப் பட்டன் முதல் வெளியீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பேக்டெஸ்ட்ல (பழைய விலைகளை வச்சு சோதிக்கிறது) நல்ல லாபம், நிஜத்துல நஷ்டம். ஏன்?

இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துப் பழைய வருடங்களைச் சோதித்திருப்பீர்கள். 2020 மார்ச்சில் வெளியேற்றப்பட்ட யெஸ் பேங்க் அதில் இருக்காது. விழுந்தவர்களை விட்டுவிட்டு எண்ணினால் லாபம்தான் வரும். பங்கை இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்பது) விற்கும்போது 0.025 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), புரோக்கரேஜ், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கழித்தீர்களா?

கேள்வி: சந்தையைக் கண்காணிக்கிற செபி அனுமதி வேணுமா?

செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கையைப் படியுங்கள். சொந்தமாக எழுதி நொடிக்கு 10 ஆர்டருக்குள் ஓட்டினால் எக்ஸ்சேஞ்சில் தனியாகப் பதிய வேண்டாம். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வேண்டும். அந்த ஆல்கோவை உங்கள் குடும்பத்துக்குப் பயன்படுத்தலாம், அக்கம்பக்கத்தாருக்குக் கூடாது. அதனால் புரோகிராம் கோடை மட்டும் பகிருங்கள்; அவரவர் ஏபிஐ கீயில் (புரோக்கர் தரும் ரகசியச் சாவி) அவரவரே ஓட்டட்டும்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸா வெளியிட எந்த லைசென்ஸ்?

நான் ஏஜிபிஎல் பக்கம். அதில், உங்கள் புரோகிராமை மாற்றி யாராவது சர்வரில் சேவையாக ஓட்டினாலும், மாற்றங்களைப் பயனர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். எம்ஐடி லைசென்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்று, ஏபிஐ கீயை கிட்டில் (Git, கோடின் எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கும் கருவி) ஏற்றிவிட்டால் ஃபைலை அழிப்பது போதாது, பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பு) அது இருக்கும். உடனே புரோக்கர் பக்கத்துக்குப் போய்ப் புதுக் கீ எடுங்கள்.